கண்காணி: வேதாகமத்திலும் தோட்டத்திலும் ஒரே சொல்

கண்காணி: கண் + காண் + இ. கண்ணால் பார்த்துக் கவனிப்பவர். ஆட்களையோ வேலையையோ மேற்பார்த்து நடத்துபவர். புதிய ஏற்பாட்டின் கிரேக்கச் சொல்லான 'எப்பிஸ்கோப்பொஸ்' என்பதற்குப் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு இட்ட பெயர். இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டப் பேச்சில் கங்காணி.

சிக்கல் அந்தக் கடைசி வரியில்தான். "கண்காணிப்பை விரும்புகிறவன் நல்லவேலையை விரும்புகிறான்" என்று 1 தீமோத்தேயு 3 ஐ ஹட்டனிலோ மஸ்கெலியாவிலோ ஒரு தோட்டத்து ஆலயத்தில் வாசித்துப் பாருங்கள். வயதானவர்களின் மனக்கண்ணில் வருவது சபை மூப்பர் அல்ல. கையில் தடியோடு, கொழுந்தெடுக்கும் பெண்களுக்குப் பின்னால் மலையில் நிற்கும் ஆள்தான் வருவார். வாசிப்பவர் 'ண்' என்பதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் காதில் விழுவது 'ங்'. இரண்டும் ஒன்றே என்பதால் காதைக் குறை சொல்லவும் முடியாது. 'க' வுக்கு முன் நிற்கும் 'ண்' பேச்சில் 'ங்' ஆகத் திரிந்திருக்கிறது, அவ்வளவுதான்.

சொல் தோட்டத்தில் பிறந்ததல்ல. சோழர் கல்வெட்டுகளில் கோயில் காரியங்களை மேற்பார்த்தவர்கள் 'கண்காணி செய்வார்' என்று வருகிறார்கள். திருமூலர் இன்னும் மேலே போய்க் கடவுளையே கண்காணி என்கிறார். கண்காணி இல்லையென்று எண்ணிக் கள்ளம் செய்கிறவர்களுக்கு, கண்காணி இல்லாத இடமே இல்லை என்பது அவர் பதில். ஆக, சொல்லுக்கு முதலில் இருந்தது பொறுப்பும் மரியாதையும்.

அதைக் கறுக்க வைத்தது இலங்கையின் கோப்பித் தோட்டக் காலம். தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து ஆட்களைத் திரட்டி, கடன் கொடுத்து, மலைக்கு நடத்தி வந்தவர் பெரிய கங்காணி. அவருக்குக் கீழே சில்லறைக் கங்காணிகள். எத்தனை பேர் வேலைக்கு இறங்கினார்கள் என்ற கணக்கில் கங்காணிக்குக் காசு கிடைத்தது. கடனைத் தீர்த்தால் தொழிலாளியை விடுவிப்பதாகத் தோட்டத்துரை எழுதும் 'துண்டு' இல்லாமல் அவர் நினைத்தபடி தோட்டம் மாற முடியாது. அந்தத் துண்டு முறை 1921 இல் சட்டப்படி ஒழிந்தது. ஆனால் தலை எண்ணுவதும், ஆட்களைத் தன்னோடு கட்டி வைப்பதும் இந்தச் சொல்லோடு ஒட்டிக்கொண்டன. ஆங்கிலமும் இச்சொல்லைக் கடன் வாங்கியது இந்தப் பொருளில்தான்.

இனி கிரேக்கம். 'எப்பி' என்றால் மேல். 'ஸ்கோப்பொஸ்' என்றால் நோக்குபவர். கண்காணி இதற்கு ஏறக்குறைய எழுத்துக்கு எழுத்துப் பொருந்தும். கிரேக்கச் சொல்லும் சுத்தமான இடத்திலிருந்து வரவில்லை: ஏதென்ஸ் தனக்கு அடங்கிய நகரங்களுக்கு அனுப்பிய அதிகாரிகளுக்கும் இதே பெயர். சபை அதை எடுத்துப் பொருளை மாற்றியது. புதிய ஏற்பாட்டில் இப்பெயர் வருவது 5 இடங்களில்: அப்போஸ்தலர் 20:28, பிலிப்பியர் 1:1, 1 தீமோத்தேயு 3:2, தீத்து 1:7, 1 பேதுரு 2:25. கடைசி இடத்தில் கண்காணி கிறிஸ்துவே, "உங்கள் ஆத்துமாக்களுக்கு மேய்ப்பரும் கண்காணியுமானவர்". பிலிப்பியரில் 'கண்காணிகளுக்கும் உதவிக்காரருக்கும்' என்று பன்மை. ஒரு சபைக்கு ஒரே ஒருவர் என்ற கணக்கு அங்கே இல்லை.

பெயரை விட அதோடு பிறந்த வினைச்சொல் நமக்கு அதிகம் சொல்கிறது. 'எப்பிஸ்கெப்டொமாய்' என்ற அந்த வினையைப் பழைய மொழிபெயர்ப்பு மத்தேயு 25:36 இல் எப்படித் தமிழாக்கியது தெரியுமா? "வியாதியாயிருந்தேன், என்னை விசாரிக்க வந்தீர்கள்." யாக்கோபு 1:27 இல் திக்கற்ற பிள்ளைகளையும் விதவைகளையும் 'விசாரிக்கிறது' என்பதும் அதே வினை. லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில், ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் வாசலில் வந்து "இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்பதைத்தான் நாமும் விசாரிப்பது என்கிறோம். பின்னால் நின்று பார்ப்பதற்கும் வாசலுக்கு வந்து பார்ப்பதற்கும் உள்ள தூரந்தான் கங்காணிக்கும் கண்காணிக்கும் உள்ள தூரம்.

சபைகள் இந்தச் சொல்லைத் தவிர்த்து வேறு பெயர்களுக்குப் போயின. எப்பிஸ்கோப்பொஸ் இலத்தீன் வழியே ஆங்கிலத்தில் தேய்ந்து பிஷப் ஆனது. கத்தோலிக்கர் மேற்றிராணியார் என்றார்கள், இப்போது ஆயர். மற்றச் சபைகளில் அத்தியட்சர், பேராயர். இவற்றில் அத்தியட்சர் வடமொழிக் கண்காணிதான், 'அதி' மேல், 'அக்ஷ' கண். ஆயர் நல்ல தமிழ்ச்சொல், ஆனால் பொருள் மேய்ப்பர்; பார்த்தல் அதில் விழுந்துவிட்டது. பதவிக்கு அவரவர் சபை வழங்கும் பெயரே போதும், அதை மாற்றச் சொல்வது வீண் சண்டை. வேலையின் பெயராக மட்டும் 'கண்காணிப்பு' என்பதை விடக்கூடாது. கடைக் கூரையில் தொங்கும் கமெராவுக்கும் அதே பெயர் வந்துவிட்டதே என்றால், பக்கத்தில் 'விசாரிப்பு' என்பதையும் சேர்த்து 'கண்காணித்து விசாரித்தல்' என்று எழுதலாம். 1 தீமோத்தேயு 3:5 உம் "தேவனுடைய சபையை எப்படி விசாரிப்பான்?" என்றுதான் கேட்கிறது. 'லீடர்' என்று சொல்லித் தப்ப வேண்டியதில்லை. 'தலைவர்' என்றால் தோட்டத்தில் தொழிற்சங்கத் தலைவர் ஏற்கெனவே இருக்கிறார்.

(இதே வகைத் தொல்லை ரோமர் 12:8 இலும் உண்டு: "முதலாளியானவன் ஜாக்கிரதையாயிருக்கக்கடவன்." மூலத்தில் உள்ளது 'முன்னே நிற்பவர்'. கடை முதலாளிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வாசிக்குமுன் ஒரு வரி விளக்கம் சொல்லாவிட்டால் காணிக்கைப் பெட்டியைக் காப்பது பற்றிய வசனம் என்றே சிலர் எடுத்துக்கொள்வார்கள்.)

கண்காணி எதைப் பார்க்க வேண்டும்? தீத்து 1:7 அவரை 'தேவனுடைய உக்கிராணக்காரன்' என்கிறது. உக்கிராணம் என்றால் கோயிலிலும் கலியாண வீட்டிலும் சாமான் வைக்கும் அறை. அந்த அறைக்காரருக்கு இரண்டு வேலை: உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்திருப்பது, நேரத்துக்கு எடுத்துக் கொடுப்பது. அதே உக்கிராணக்காரர் 1 பேதுரு 4:10 இல் பன்மையில் வருகிறார், அங்கே அறையில் உள்ள சாமான் வரங்கள்: அவனவன் பெற்ற வரத்தின்படியே ஒருவருக்கொருவர் உதவ வேண்டும். வரத்துக்குக் கிரேக்கச் சொல் 'கரிஸ்மா', 'கரிஸ்' என்ற கிருபையிலிருந்து வந்தது. பிற்காலப் பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் அருள்கொடை என்கிறது. எங்கள் கணிப்பில் அதுவே மேலான சொல். தவமிருந்து தனக்காகப் பெறுவது வரம். கொடுக்கவென்று இருப்பது கொடை. பழைய மொழிபெயர்ப்பில் 1 கொரிந்தியர் 12:7 "அவனவனுடைய பிரயோஜனத்திற்கென்று" என்றிருப்பதும் இந்தக் குழப்பத்தைக் கூட்டுகிறது. மூலம் பேசுவது எல்லோருக்கும் உதவும் பயனைப் பற்றி.

ஒரு தோட்டச் சபையில் 20 குடும்பம், தோட்டத்தின் மூன்று டிவிஷனில் (பிரிவில்) சிதறி. போதகர் பட்டணத்திலிருந்து மாதத்தில் ஓரிரு முறைதான் வருவார். மற்ற நாட்களில் எல்லாம் ஒருவர் தலையில்: ஜெபம், வாசிப்பு, பாட்டு, கணக்கு, ஆலயத்துச் சாவி. அவர் நல்லவராக இருக்கலாம், ஆனால் உக்கிராணத்தைத் திறந்தே பார்க்காதவர்.

திறப்பது இப்படி. ஒரு கொப்பியில் ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு பக்கம். மூன்று மாதம் யாருக்கும் எதுவும் கொடுக்காமல் பார்த்து எழுதுங்கள். மரண வீட்டில் சொல்லாமலே தேத்தண்ணீர் வேலையை எடுத்துக்கொண்டவர் யார்? யார் பேசினால் பிள்ளைகள் அடங்கிக் கேட்கிறார்கள்? மிச்சக் காசைச் சதம் பிசகாமல் திருப்பித் தந்தவர் யார்? இரண்டு வாரம் வராத குடும்பத்தை முதலில் கவனித்துச் சொன்னது யார்? 1 கொரிந்தியர் 12:28 வரிசையில் 'உதவிகள்', 'ஆளுகைகள்' என்று இருக்கின்றன. குணமாக்கும் வரங்களுக்கு அடுத்தே இருக்கின்றன. பார்க்கத் தெரியாதவர் கண்ணுக்குப் பாடுகிறவரும் பேசுகிறவரும் மட்டும் தெரிவார்கள். வரம் என்றால் மைக் என்று ஆகிவிடுவது அப்படித்தான்.

பிறகு ஒரு சிறு வேலை, 8 வாரத்துக்கு. தவணை சொல்லாமல் கொடுத்தால் சரிவராதபோது திருப்பி வாங்க முடியாது, வாங்கினால் குடும்பமே ஆலயத்துக்கு வராமல் நின்றுவிடும். முதல் 2 வாரம் நீங்கள் செய்ய அவர் பார்க்கட்டும். அடுத்த 2 வாரம் சேர்ந்து. அடுத்த 2 வாரம் அவர் செய்ய நீங்கள் பின்வரிசையில். கடைசி 2 வாரம் நீங்கள் அங்கே இருக்கவே வேண்டாம். இந்தக் கடைசிப் பகுதியில்தான் பெரும்பாலானவர்கள் தவறுகிறார்கள், கதவோரம் நின்று எட்டிப் பார்ப்பார்கள். ஒவ்வொரு முறையும் அன்றைக்கே 10 நிமிடம் தனியாகப் பேசுங்கள்: நன்றாக வந்தது ஒன்று, திருத்த வேண்டியது ஒன்று. மூன்றாவது வேண்டாம். முதல் பிரசங்கம் என்றால் 7 நிமிடம், ஒரே பகுதி, சொல்ல வருவதை அரைப்பக்கத்துக்குள் எழுதி முன்கூட்டியே காட்டட்டும்.

எபேசியர் 4:12 இல் 'சீர்பொருந்தும்பொருட்டு' என்றிருக்கும் சொல்லின் வினை, மத்தேயு 4:21 இல் வலைகளைப் பழுதுபார்ப்பதற்கு வருகிறது. கிழிந்த கண்ணியைத்தான் தைப்பார்கள், முழு வலையையும் அவிழ்ப்பதில்லை. 2 தீமோத்தேயு 1:6 இன் 'அனல்மூட்டி எழுப்பிவிடும்படி' என்பதை விளக்க விறகடுப்பு போதும். காலையில் சாம்பலைக் கிளறினால் அடியில் சிவப்பாக ஒரு தணல் கிடக்கும். அதன்மேல் பெரிய கட்டையைப் போட்டால் அணையும். சுள்ளி வைத்து, ஊதுகுழலால் மெதுவாக ஊத வேண்டும்.

அவசரம் பற்றி 1 தீமோத்தேயு 3:6 'நூதன சீஷன்' கூடாது என்கிறது. மூலச்சொல் 'நெயோஃபுட்டொஸ்', புதிதாக நடப்பட்டது. இதை நுவரெலியாவில் விளக்கத் தேவையில்லை. இளந்தேயிலையை நட்டவுடன் யாரும் கொழுந்துக்கு விடுவதில்லை. நடுத்தண்டைத் தாழ வெட்டி, பக்கக் கிளை பரவ விட்டு, முறையாக எடுக்க இரண்டு மூன்று வருடம் ஆகும். முந்திக் கிள்ளினால் செடி சாகாது. கிளை பரவாமல், காலமெல்லாம் குறைவாகத் தரும் செடியாக நிற்கும். ஞானஸ்நானம் எடுத்த ஆறாம் மாதம் வாலிபர் சங்கத் தலைவராக்கப்பட்டவர்களுக்கும் இதேதான் நடக்கிறது.

தோட்டத்துக்கே உரிய தவறுகளும் உண்டு. படித்தவர் என்பதற்காக ஆசிரியருக்கே எல்லாவற்றையும் கொடுப்பது. கூட்டத்தை மாலை 6 மணிக்கு வைத்துவிட்டுப் பெண்கள் வருவதில்லை என்பது. மலையிலிருந்து வந்து, தண்ணீர் பிடித்து, அடுப்பு மூட்டும் நேரம் அது. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் முக்கால் மணி நேரம் வைத்தால் வருவார்கள். கைக்காசு, அதாவது கிலோக் கணக்கில் காசுக்குக் கொழுந்தெடுக்கும் வேலை, நடக்கும் ஞாயிறுகளில் அதுவும் சரிவராது. பொறுப்புகள் ஒரே குடும்பத்தில், ஒரே சாதியில் சுற்றுவது. இதைப் பேசாமல் வரம் பற்றிப் பேசுவது வெறும் பேச்சு. காணிக்கையை ஒருவர் எண்ணுவது. உறவில்லாத இருவர் அங்கேயே எண்ணி அங்கேயே கையெழுத்திட வேண்டும். ஒரு வேலைக்கு ஒருவரை மட்டும் பழக்குவது. பழகிய பிள்ளை கொழும்புக்கு வேலைக்குப் போய்விடும், தீபாவளிக்கும் நத்தாருக்குந்தான் வரும். ஆகவே எப்போதும் இருவர். 2 தீமோத்தேயு 2:2 இல் பவுல், தீமோத்தேயு, உண்மையுள்ள மனுஷர், அவர்கள் போதிக்கும் மற்றவர்கள் என்று நாலு படி இருக்கிறது. மூன்றாம் படியில் ஒருவரே இருந்தால் நாலாவது படி பஸ் ஏறிப் போய்விடும்.

கண்காணியாக வர விரும்புகிறவரின் சொந்த வளர்ச்சிக்கு 1 தீமோத்தேயு 3:2-7 ஐ ஒரு பட்டியலாகக் கொள்ளலாம். அதில் திறமை என்று சொல்லத்தக்கது 'போதகசமர்த்தன்' ஒன்றுதான். மற்றவை குணமும் வீட்டு நடப்பும் வெளியில் உள்ள பெயரும். 'மதுபானப்பிரியன்', 'அடிக்கிறவன்', 'இழிவான ஆதாயத்தை இச்சிக்கிறவன்' ஆகக்கூடாது என்ற மூன்றையும் கங்காணியின் காலத்தை அறிந்தவர்கள் வேறு காதோடு கேட்பார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை, நீங்கள் சொல்வதற்குத் தலையாட்டாத ஒருவரிடம் பட்டியலைக் கொடுத்து உங்களைப் பற்றிக் கேளுங்கள். மனைவியிடமும் கேட்கலாம், விடை அங்கே சீக்கிரம் வரும்.

எழுதும்போது: வேதாகமப் பொருளில் 'கண்காணி', தோட்டப் பதவிக்குக் 'கங்காணி' என்று எழுத்தைப் பிரித்துக் கொள்ளுங்கள். இருபாலுக்கும் பொது, 'கண்காணியர்' வேண்டாம், பன்மை 'கண்காணிகள்'. சபை அறிக்கையில் 'வந்தோர் தொகை' என்ற நிரலுக்குப் பக்கத்தில் 'விசாரித்தது' என்று இன்னொரு நிரல் போட்டு, அந்த மாதம் வாசல்வரை போன வீடுகளின் எண்ணிக்கையை அதில் எழுதுங்கள்.