ஊர்ப்பெயர்களுக்குள் பொதுத் துண்டைத் தேடுவது எப்படி?

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்ட ஊர்ப்பெயர்களை ஒரு கோப்பில் போட்டு, ஒரே எழுத்துத் தொடர் எந்தெந்தப் பெயர்களில் வருகிறது என்று தேடிப்பாருங்கள். "முனை" என்று கொடுத்தால் கல்முனை, மருதமுனை, பாலமுனை, மண்முனை, நற்பிட்டிமுனை எல்லாம் வந்துவிடும். "குட" என்று கொடுத்தால் காத்தான்குடியும் பாசிக்குடாவும் வரும். இரண்டிலும் 'ட' என்ற எழுத்தே இல்லை. "இருப்பு" என்று கொடுத்தாலோ பட்டிருப்பும் பாண்டிருப்பும் அகப்படவே மாட்டா.

காரணம், ஒவ்வொரு எழுத்துக்கும் குறிக்கும் ஓர் எண் தரும் ஒருங்குறியில் (யூனிகோட்) தமிழ் சேமிக்கப்படும் விதம். "கல்முனை" நமக்கு 4 எழுத்து. கணினிக்கு 7 எண்கள்: க 2965, ல 2994, புள்ளி 3021, ம 2990, உகரக் குறி 3009, ன 2985, ஐகாரக் குறி 3016. அந்த எண்களைப் பைட்டுகளாக எழுதும் யூடிஎஃப்-8 முறைக் கோப்பில் ஒவ்வொன்றுக்கும் 3 பைட் வீதம் மொத்தம் 21 பைட். ஆகவே 'டி' என்பது 'ட'வும் இகரக் குறியும். "குட" தேடினால் "குடி"யின் முன்பாதி பொருந்திவிடுகிறது. பட்டிருப்பில் இருப்பது இகரக் குறி, எண் 3007. நாம் தேடிய 'இ' 2951. காதுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு.

இரண்டு சிக்கலுக்கும் ஒரே மருந்து, தேடுவதற்கு முன் பெயர்களை உயிரும் மெய்யுமாகப் பிரித்துவிடுவது. எண்களை இடமிருந்து வலமாகப் படியுங்கள். மெய்க்குரிய எண் வந்தால் அடுத்ததைப் பாருங்கள். புள்ளி என்றால் மெய் மட்டும். உயிர்க்குறி என்றால் மெய்யும் அந்த உயிரும். வேறெதுவானாலும் மெய்யும் அகரமும். இப்போது குடி "க் உ ட் இ", குட "க் உ ட் அ". ஒன்று மற்றதில் பொருந்தாது. "ஊர்" தேடினால் ஏறாவூரும் நிந்தவூரும் கிடைக்கும்.

தேடவேண்டிய துண்டு எதுவென்றே தெரியாதபோது அட்டவணை போட வேண்டும். பட்டிருப்பு: ப் அ ட் ட் இ ர் உ ப் ப் உ. பாண்டிருப்பு: ப் ஆ ண் ட் இ ர் உ ப் ப் உ. ஒன்றை மேலேயும் மற்றதைப் பக்கத்திலும் எழுதினால் 100 கட்டங்கள். இரு பக்க ஒலியும் ஒன்றானால், மேல்-இடது மூலைக் கட்டத்தின் எண்ணோடு 1 கூட்டி எழுதுங்கள். அந்த மூலையில் கட்டம் இல்லையென்றால் வெறும் 1. ஒலி வேறுபட்டால் 0. மிகப் பெரிய எண்தான் மிக நீண்ட பொதுத் துண்டின் நீளம். இங்கே 7 வரும்: "ட் இ ர் உ ப் ப் உ". இதில் 'ட்' தற்செயலாக ஒட்டிக்கொண்டது. புதுக்குடியிருப்பையும் சேர்த்து மூன்றுக்கும் பொதுவானதைப் பார்த்தால் அது கழன்று, 6 ஒலி கொண்ட "இருப்பு" மட்டும் மிஞ்சும். இரண்டு பெயரை மட்டும் வைத்து முடிவுக்கு வரக்கூடாது என்பது இதனால்தான்.

ஈறுகளை மட்டும் பார்க்க, பெயர்களைத் தலைகீழாகத் திருப்பி அகரவரிசைப்படுத்தினால் போதும். சேனை, துறை, தீவு எல்லாம் தனித்தனிக் கும்பலாக வந்துவிடும். ஒலி பிரிக்காமல் திருப்பினால் குறி முன்னும் எழுத்து பின்னுமாகிச் சொல் உடைந்துபோகும்.

தரவு அழுக்காக இருந்தால் இவை எதுவும் வேலை செய்யாது. போரதீவின் 'போ' சில கோப்புகளில் ஏகாரக் குறி, கால் என இரண்டு எண்ணாக இருக்கும். திரையில் வேறுபாடு தெரியாது. ஒலி பிரிக்கும் முன்பே, இப்படிப் பிரிந்த எண்களை ஒன்றாக்கும் என்எஃப்சி என்ற ஒருங்குறி இயல்பாக்கம் செய்தால் இது சரியாகும். "மௌலவி"யை எகரக் குறியும் ளகரமும் போட்டுத் தட்டியிருந்தால் என்எஃப்சியாலும் முடியாது. எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றப் போனால் வெல்லாவெளியின் "வெளி" கெட்டுவிடும். ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் திருத்த வேண்டும். ஒருங்குறி அல்லாத பாமினி எழுத்துருவில் தட்டிய பழைய கோப்பில் தமிழ் உருவங்களுக்கு அடியில் இருப்பவை ஆங்கில விசை எழுத்துகள். அதை முதலில் ஒருங்குறிக்கு மாற்றுங்கள்.

இவ்வளவும் செய்த பிறகு "வில்" தேடினால் பொத்துவில், தம்பிலுவில்லோடு திருக்கோவிலும் வரும். அங்கே "கோவில்" என்பதே ஒரு சொல். அந்த மூன்றாவதை ஆள்தான் பார்த்து நீக்க வேண்டும்.