நிலநடுக்கத்தில் விழாமல் நின்ற பாறைச் சரிவை நம்பலாமா?

தைவானில் சாவ்லிங் என்றொரு மலைச்சரிவு. 1941 டிசம்பரில் வந்த நிலநடுக்கத்தில் அதன் ஒரு பகுதி சரிந்து கீழே ஓடும் ஆற்றை மறித்தது. அடுத்த ஆகஸ்டில் நடுக்கம் எதுவும் இல்லை, கனமழைதான் பெய்தது. அதற்கே மறுபடி சரிந்தது. 1979-இல் மழையில் இன்னொரு முறை. கடைசியில் 1999 செப்டம்பர் 21 அன்று, 7.6 அளவிலான சீ-சீ நிலநடுக்கத்தில், ஏறக்குறைய 12 கோடி கன மீட்டர் பாறை மொத்தமாக இறங்கியது. மணற்கல்லும் களிப்பாறையும் அடுக்கடுக்காக ஆற்றை நோக்கிச் சாய்ந்து கிடக்கும் இடம் அது. சாய்வு வெறும் 14 டிகிரிதான். அந்தச் சாய்வில் பாறை சும்மா வழுக்கிவிடாது. அடுக்குகளுக்கு நடுவே இருந்த பிடிப்பு ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்திருக்கிறது.

நிலநடுக்கம் முடிந்ததும் மலைச்சாலையில் விழுந்த கற்களை அகற்றிவிட்டு, விழாத சரிவை "தாங்கிவிட்டது" என்று பதிவேட்டில் எழுதிவிடுகிறோம். அந்தச் சொல்லைத்தான் இங்கே கேள்வி கேட்க வேண்டும். இப்போது நிற்பது நேற்று வரை இருந்த சரிவு இல்லை.

பாறை என்பது ஒரே கட்டி அல்ல. அதை ஊடறுத்துப் பிளவுத் தளங்கள் ஓடுகின்றன. ஜாயின்ட் என்று தொழிலில் சொல்வது இவற்றைத்தான். பெரும்பாலான சரிவுகளில் விதியைத் தீர்மானிப்பது கல்லின் வலிமை அல்ல, இந்தத் தளங்களின் சொரசொரப்பு. இரண்டு முகங்களிலும் உள்ள மேடுகள் பல்லோடு பல் பொருந்தியதுபோல் உட்கார்ந்திருக்கும். மேல் கல் நகர வேண்டுமானால் அந்த மேடுகளின் மீது ஏற வேண்டும், இல்லையேல் அவற்றை உடைக்க வேண்டும். அம்மியை நினைத்துக்கொள்ளுங்கள். புதிதாகக் கொத்திய அம்மியில் மிளகாய் உடனே அரைபடும். நாள்பட அரைத்தால் அம்மி வழுவழுத்துப் போகும், மறுபடி கொத்த ஆள் வர வேண்டும். மலைக்குள் இருக்கும் ஜாயின்டைக் கொத்திக் கொடுக்க யாரும் இல்லை.

நிலநடுக்கம் ஒரே திசையில் தள்ளுவதில்லை, முன்னும் பின்னும் ஆட்டுகிறது. முன்னே போகும்போது கல் மேட்டில் ஏறுகிறது, பிளவு சற்றே திறக்கிறது. திரும்பும்போது அதே மேட்டிலிருந்து இறங்குகிறது, அப்போது எதிர்ப்பு வெகுவாகக் குறைகிறது. முதல் சில சுற்றுகளிலேயே கூர்மையான சின்ன மேடுகள் நொறுங்கிவிடும். சேதத்தில் பெரும்பங்கு அங்கேயே முடிந்துவிடுகிறது. அதன்பிறகு மெதுவாகத் தேய்வது அகலமான அலைபோன்ற பெரிய மேடுகள். மேலே பாரம் அதிகமென்றால் அவையும் வெட்டுப்பட்டுப் போகும். நொறுங்கிய தூள் வெளியேற வழியின்றி இரு முகங்களுக்கும் நடுவே தங்குகிறது. உலர்ந்திருக்கும்வரை அது மாவு. தண்ணீர் பட்டால் பசை. பிளவில் நீர் போய்வந்த வழிகளையும் அதே தூள் அடைத்துக்கொள்ளும், உள்ளே நீரழுத்தம் ஏறும்.

எவ்வளவு குறைகிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பாறைப் பொறியியலாளர் பார்ட்டனின் சூத்திரப்படி ஒரு ஜாயின்டின் உராய்வுக் கோணம் (எவ்வளவு சாய்த்தால் மேல் கல் வழுக்கும் என்பது), மேடில்லாத முகத்துக்குரிய அடிப்படைக் கோணத்தோடு, முகம் எவ்வளவு கரடுமுரடு என்று சொல்லும் சொரசொரப்பு எண்ணை ஒரு மடக்கையால் பெருக்கிக் கூட்டியது. அந்த மடக்கை, பிளவு முகத்தின் அமுக்க வலிமையை மேலிருந்து வரும் அழுத்தத்தால் வகுத்துப் பத்தடிமானத்தில் எடுப்பது. முகத்தின் வலிமை 50 மெகாபாஸ்கல், அழுத்தம் 0.5 மெகாபாஸ்கல் என்றால் மடக்கை 2. அடிப்படைக் கோணம் 30 டிகிரி, சொரசொரப்பு எண் 10 என்று கொண்டால் மொத்தம் 50 டிகிரி. ஆட்டத்தில் மேடுகள் தேய்ந்து அந்த எண் 4 ஆகிவிட்டால் 38 டிகிரி. பிளவு 35 டிகிரி சாய்ந்திருந்தால் பாதுகாப்புக் காரணி, அதாவது பிடித்து நிறுத்தும் விசையை இழுக்கும் விசையால் வகுத்தது, 1.7-இலிருந்து 1.1-க்கு இறங்குகிறது. 1-க்குக் கீழே போனால் கல் வழுக்கும். வெளியிலிருந்து பார்த்தால் சரிவு அப்படியே நிற்கும். ஆனால் முதலில் கிட்டத்தட்ட 0.4 ஜி (ஜி என்பது புவியீர்ப்பு முடுக்கம்) வந்தால்தான் அசையத் தொடங்கியிருக்கும் கல், இப்போது 0.07 ஜி அதிர்விலேயே நகரும். அது பின்னதிர்வு ஒன்றே கொடுத்துவிடக்கூடிய அளவு. நீரழுத்தம் மேலிருந்து வரும் அந்த 0.5 மெகாபாஸ்கலில் 15 சதவீதத்தைத் தின்றுவிட்டால் காரணி 0.95. அதாவது அதிர்வே தேவையில்லை, ஒரு மழை போதும். சாவ்லிங்கில் 1942 ஆகஸ்ட் மழையில் நடந்தது இந்தக் கணக்கில் தெரிகிறது. சீ-சீக்குப் பிறகும், பலமாக ஆடிய மலைகளில் அடுத்தடுத்து வந்த புயல்மழைகளில் முன்பைவிட அதிகமான சரிவுகள் பதிவாயின. 2001-இல் வந்த தொராஜி புயல் அதற்குப் பேர்போன உதாரணம்.

இதில் ஆய்வகத்திலேயே தவறு தொடங்கிவிடுகிறது. மாதிரியை ஒருமுறை ஒரு திசையில் தள்ளி, வரைகோட்டின் உச்சியை எடுத்து வடிவமைப்பில் போடுவது வழக்கம். அது புதிதாய்க் கொத்திய அம்மியின் வலிமை. நடுங்கும் பகுதிக்கு அதே மாதிரியை முன்பின்னாகக் குறைந்தது 10, 15 சுற்றுகள் தள்ள வேண்டும். ஒவ்வொரு சுற்றின் எதிர்ப்பையும், பிளவு எழும்புவதையும் அமுங்குவதையும் தனித்தனியே குறிக்க வேண்டும். முடிந்ததும் மாதிரியைத் திறந்து, இரு முகங்களையும் படமெடுத்து, தூளைத் தூரிகையால் வழித்து எடைபோட்டுப் பாருங்கள். அந்தச் சில கிராம்கள் நிறையச் சொல்லும். சோதனையில் தரும் அழுத்தம் தளத்தில் இருப்பதாக இருக்க வேண்டும், எந்திரத்துக்கு வசதியானதாக அல்ல. சுரங்கப்பாதையிலும், பாறையைத் தைத்துப் பிடிக்கத் துளையிட்டு இரும்புக் கம்பி (போல்ட்) அடித்த சரிவிலும் பிளவு தாராளமாக எழும்ப முடியாது. சுற்றியுள்ள பாறையும் இரும்பும் அழுத்திப் பிடிக்கும், மேடுகள் இன்னும் வேகமாக வெட்டுப்படும். அங்கே மாறாத பாரத்தில் செய்த சோதனை ஏமாற்றிவிடும், மாறாத விறைப்பில், அதாவது பிளவு எழும்ப எழும்ப அழுத்தமும் ஏறும்படி, செய்ய வேண்டும். இன்னொன்று, 10 சென்டிமீட்டர் மாதிரியின் சொரசொரப்பு எண்ணைப் பல மீட்டர் நீளப் பிளவுக்கு அப்படியே தூக்கிப் போடக்கூடாது. நீளம் கூடக்கூட அந்த எண் குறையும்.

தளத்தில் என்ன பார்ப்பது? முதலில் சரிவின் உச்சிக்குப் பின்னால் நடந்து பாருங்கள். சரிவு கீழ்நோக்கி இழுபடும்போது மேலே பிளக்கும் இழுவை விரிசல் அங்கேதான் புல்லுக்குள் மறைந்திருக்கும். பிறகு பிளவின் விளிம்பை விரலால் தேய்த்துப் பாருங்கள். பழைய பிளவு பழுப்பேறியிருக்கும், பாசி பிடித்திருக்கும். விரலில் வெளுத்த மாவு ஒட்டினால் உள்ளே புதிதாக அரைபட்டிருக்கிறது. வடிகுழாய்களைக் கட்டாயம் பாருங்கள். நடுக்கத்துக்கு முன் சொட்டிய குழாய் இப்போது வறண்டிருந்தால் மகிழ வேண்டாம், உள்ளே வழி அடைபட்டிருக்கலாம். கலங்கிய நீர் வந்தால் தூள் அரித்துக்கொண்டு வருகிறது என்று பொருள்.

போல்ட்டுகளில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். முழு நீளமும் சிமென்ட் கூழ் நிரப்பிய போல்ட்டின் தட்டு வெளியே நன்றாகவே இருக்கும். ஆனால் பிளவு சில மில்லிமீட்டர் நகர்ந்தால்கூட, பிளவைக் கடக்கும் இடத்தில் கம்பி வளைந்து, சுற்றியுள்ள கூழ் நொறுங்கும். அந்த வழியாக நீர் இறங்கித் துரு பிடிக்கும். இழுத்துப் பார்க்கும் சோதனையும் இதைக் காட்டாது. வாய்ப் பக்கத்துக் கொஞ்ச நீளத்தின் பிடிப்பே அந்த இழுப்பைத் தாங்கிவிடும். பிளவு நகர்ந்தது என்று உறுதியானால், பழைய போல்ட்டுகளைக் கணக்கில் சேர்க்காமல் புதிய போல்ட் அடிப்பதே சரி.

நடுக்கமே அதிகம் வராத ஊர்களிலும் இதே தேய்மானம் நடக்கிறது. சாலையை அகலப்படுத்த வெடிவைக்கும்போது, எஞ்சி நிற்கும் பாறைமுகம் ஒவ்வொரு வெடிக்கும் அதிர்கிறது. நீலகிரியில் காணப்படும் சார்னோக்கைட் என்ற கடினப் பாறையில் பிளவுகளுக்குள் சிதைந்த களிமண் ஏற்கெனவே நிரம்பியிருக்கும் இடங்கள் உண்டு. அங்கே ஒரே நேரத்தில் வெடிக்கும் மருந்தின் அளவைக் குறைப்பதும், ஓரத்தில் நெருக்கமாகத் துளையிட்டு முன்கூட்டியே பிளந்துவிடுவதும் கட்டாயம்.

அளப்பதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. பிளவின் ஒருபுறம் இரண்டு, மறுபுறம் ஒன்று என மூன்று எஃகு ஆணிகளை முக்கோணமாகப் பதித்து, வெர்னியர் காலிப்பரால் மூன்று தூரங்களையும் எழுதி வையுங்கள். வெயிலில் பாறை விரிந்து சுருங்குவதால் எப்போதும் அதே நேரத்தில், முடிந்தால் அதிகாலையில், ஒரே ஆள் அளப்பது நல்லது. முதல் மாதம் தினமும், பிறகு வாரம் ஒருமுறை. பலமான பின்னதிர்வோ கனமழையோ வந்தால் மறுநாள் காலையிலேயே. நடுக்கத்துக்குப் பிறகு வரும் முதல் மழைக்காலம் முழுதும் அந்த ஆணிகளை விட்டுவிடாதீர்கள். தூரங்கள் ஒரே போக்கில் கூடிக்கொண்டே போனால், காரணத்தைத் தேடுவதற்கு முன் கீழே உள்ள சாலையை மூடுங்கள்.