27.46 மில்லிமீட்டர் காற்று

எம்42 என்ற 42 மி.மீ. திருகுமரை கொண்ட பழைய லென்ஸைச் சோனி இ-மவுண்ட் (மவுண்ட் என்பது கேமராவில் லென்ஸ் மாட்டும் வாய்) கேமராவில் மாட்ட ஓர் அடாப்டர் வாங்கியிருந்தால், அதை எடுத்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு உள்ளே பாருங்கள். எதிர்ச்சுவர் தெரியும், அவ்வளவுதான். லென்ஸும் இல்லை, மின்சுற்றும் இல்லை. கறுப்பு வண்ணம் பூசிய ஒரு குட்டை அலுமினியக் குழாய். அதன் வேலை 27.46 மில்லிமீட்டர் காற்றைச் சுற்றி வளைத்து வைத்திருப்பது. அந்தக் காற்று எதற்கு என்று புரிந்துவிட்டால், சோவியத் அகலக்கோண லென்ஸ் ஒன்றைச் சினிமாவுக்குப் பழக்கும் வேலையில் பாதி புரிந்துவிடும்.

எடுத்துக்கொண்டிருக்கும் லென்ஸ் மீர்-1: 37 மி.மீ. குவியத் தூரம், முழுத் திறப்பு எஃப்/2.8 (குவியத் தூரத்தைத் திறப்பின் விட்டத்தால் வகுத்த எண்). லெனின்கிராடின் அரசு ஒளியியல் நிறுவனத்தில் 1950-களில் கணக்கிடப்பட்டது; ஸகோர்ஸ்க், வொலோக்தா ஆலைகளில் தயாரிக்கப்பட்டது. முகப்பு வளையத்தில் ‘கிராண்ட் பிரீ பிரஸ்ஸல்ஸ் 1958’ என்று பொறித்திருக்கும் பிரதிகள் ஏராளம். அந்த ஆண்டு உலகக் கண்காட்சியில் வாங்கிய பரிசைப் பல ஆண்டுகளுக்கு விடாமல் பொறித்துக்கொண்டிருந்தார்கள். ‘மீர்’ என்றால் ரஷ்ய மொழியில் அமைதி, உலகம் என இரண்டு பொருள். மாஸ்கோவின் மீர் பதிப்பகம் வெளியிட்ட கெட்டி அட்டை அறிவியல் புத்தகங்களைத் தமிழில் படித்து வளர்ந்தவர்களுக்கு இந்தப் பெயரே ஒரு வாசனை.

தமிழில் முகம் பார்ப்பதும் கண்ணாடி, லென்ஸ் செய்வதும் கண்ணாடி. இங்கே அது குழப்பும் என்பதால் முகம் பார்ப்பதை ஆடி என்றே சொல்லிவிடுகிறேன். மாஸ்கோவை அடுத்த கிராஸ்னகோர்ஸ்கில் 1952-இலிருந்து செய்யப்பட்ட ஸெனித் கேமராக்களில், லென்ஸுக்கும் பிலிமுக்கும் நடுவே சாய்வாக ஓர் ஆடி நிற்கும். காட்சியை மேலே வியூஃபைண்டருக்குத் திருப்பிவிட்டு, பொத்தானை அழுத்தியதும் விலகிக்கொள்ளும். அது புரள இடம் வேண்டும் அல்லவா? அதனால் லென்ஸ் உட்காரும் விளிம்பை எம்42 முறையில் பிலிமிலிருந்து 45.46 மி.மீ. தள்ளி வைத்தார்கள். இந்த இடைவெளியைப் பின்தூரம் என்று சொல்லிவிடுகிறேன்.

சிக்கல் இங்கேதான். பூதக்கண்ணாடி மாதிரியான எளிய 37 மி.மீ. லென்ஸ், தொலைதூரக் காட்சியைத் தனக்குப் பின்னால் 37 மி.மீ. தூரத்தில் குவிக்கும். அங்கே கொண்டுபோய் வைத்தால் ஆடி வந்து மோதும். தள்ளி வைத்தால் படம் மங்கும். 50 மி.மீ., 58 மி.மீ. லென்ஸ்களுக்கு இந்தத் தொல்லை பெரிதாக இல்லை. அகலக்கோணத்துக்கு வந்தால்தான் இடிக்கிறது.

தீர்வு, முகப்பில் ஒரு பெரிய குழிலென்ஸை வைப்பது. அது வரும் கதிர்களைக் கொஞ்சம் விரித்துவிடும். விரிந்து வந்த கதிர்களைப் பின்னால் உள்ள குவிலென்ஸ் கூட்டம் மெதுவாகத்தான் ஒன்றுசேர்க்க முடியும். குவிப்புள்ளி பின்னுக்குப் போகும். கண்ணாடிகள் பிலிமிலிருந்து எட்ட நிற்கும்; ஆனால் படத்தின் கோணம் 37 மி.மீ. லென்ஸுக்கு உரியதாகவே இருக்கும். டெலிஃபோட்டோ லென்ஸைத் திருப்பிப் போட்டதுபோல. 1950-இல் பிரான்ஸின் ஆன்ஜெனியூ நிறுவனம் இப்படி ஒரு 35 மி.மீ. லென்ஸைக் கொண்டுவந்து அதற்கு ‘ரெட்ரோஃபோகஸ்’ என்று பெயர் வைத்தது. பிறகு அந்த வகைக்கே அது பெயராகிவிட்டது. சினிமாக்காரர்களுக்கு இந்தத் தலைவலி அதற்கும் முந்தையது. 1930-களில் மூன்று பிலிம் ஓடும் டெக்னிகலர் கேமராவில், லென்ஸுக்குப் பின்னால் ஒளியைப் பிரிக்கும் பட்டகம் இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது.

லென்ஸ் வழியாகப் பார்க்காமல் தனிச் சாளரம் வழியாகப் பார்த்து ஃபோகஸ் செய்யும், ஆடியே இல்லாத ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவுக்கு இந்தச் சுற்றுவழி தேவைப்படவில்லை. ஜூபிட்டர்-12 என்ற 35 மி.மீ. சோவியத் லென்ஸின் பின்பக்கத்தைப் பார்த்தால் தெரியும். கண்ணாடி உருண்டை மாதிரி பிதுங்கிக்கொண்டு கேமராவின் வயிற்றுக்குள் போகும். வாங்குகிறவர்கள் தடுக்கி விழும் இடமும் இதுதான். ஸெனித்தின் பழைய மரையும் 39 மி.மீ., ரேஞ்ச்ஃபைண்டர் மரையும் 39 மி.மீ. ஒன்றுக்குப் பின்தூரம் 45.2, மற்றதற்கு 28.8. மரை பொருந்துகிறது என்பதற்காக ஜூபிட்டர்-12-ஐ ஆடி வைத்த கேமராவில் திருகினால் முதல் கிளிக்கிலேயே சத்தம் கேட்கும்.

இப்போது ஆடியில்லா டிஜிட்டல் கேமராக்கள் வந்துவிட்டன. சோனி இ-மவுண்டின் பின்தூரம் 18 மி.மீ. மீர்-1 மட்டும், இப்போது இல்லாத ஆடிக்கு இன்னமும் வழிவிட்டு எட்டியே நிற்கிறது. 45.46-இலிருந்து 18-ஐக் கழித்துப் பாருங்கள். அடாப்டருக்குள் இருக்கும் காற்றின் கணக்கு வந்துவிடும். கேனன் இஎஃப் கேமராவுக்கு மிச்சம் 1.46 மி.மீ. மட்டும், ஒரு மெல்லிய வளையம் போதும். சினிமாக் கேமராக்களின் பிஎல் மவுண்டோ 52 மி.மீ.; கணக்கு எதிர்மறையாகிவிடுகிறது. லென்ஸை 6.54 மி.மீ. கேமராவுக்குள்ளே புதைத்தாக வேண்டும். அதனால்தான் பழைய புகைப்பட லென்ஸைப் பிஎல்லுக்கு மாற்றுவது அடாப்டர் வேலையாக இல்லாமல் லேத் பட்டறை வேலையாகிறது.

அடாப்டர் கொஞ்சம் முன்பின் இருந்தால் என்ன என்று கேட்கலாம். பழைய 39 மி.மீ. மரை மீர்-1-ஐ, கடையில் கிடைக்கும் மெல்லிய வளையம் ஒன்றைச் சுற்றி எம்42-இல் மாட்டுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். 45.2-க்குச் செய்தது 45.46-இல் உட்காரும், 0.26 மி.மீ. கூடுதல். குவியத் தூரத்தின் வர்க்கத்தை அந்தப் பிழையால் வகுத்தால், லென்ஸ் உண்மையில் எவ்வளவு தூரத்தில் ஃபோகஸ் ஆகிறது என்பது தோராயமாகக் கிடைக்கும். 37 × 37 = 1369; 0.26-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 5,265 மி.மீ. அதாவது முடிவிலி என்று வைத்த இடத்தில் லென்ஸ் ஐந்தேகால் மீட்டரைத்தான் பார்க்கிறது. மலை, வானம், தெருக்கோடி எல்லாம் போச்சு. தலைமுடி தடிமன் அளவு, 0.07 மி.மீ. பிழை என்றாலே 20 மீட்டருக்கு அப்பால் கூர்மை குறையத் தொடங்கும். அதே 0.26 மி.மீ. பிழையோடு 58 மி.மீ. ஹீலியோஸ்-44 என்ற இன்னொரு சோவியத் லென்ஸ் சுமார் 13 மீட்டர் வரை தாக்குப்பிடிக்கும். பிழையைப் பொறுப்பதில் அகலக்கோணம் டெலியைவிட மோசம். பலர் நினைப்பதற்கு நேர்மாறு.

இதற்குப் பயந்தே மலிவு அடாப்டர்களைக் கொஞ்சம் குட்டையாகச் செய்துவிடுகிறார்கள். குட்டையாக இருந்தால் முடிவிலி கிடைத்துவிடும், முடிவிலியைத் தாண்டியும் வளையம் சுற்றும். புகைப்படக்காரருக்கு அது ஒரு பொருட்டில்லை. படப்பிடிப்பில் ஃபோகஸ் புல்லர், அதாவது ஃபோகஸை மட்டும் கவனிக்கும் உதவியாளர், வளையத்தில் எழுதியிருக்கும் மீட்டரை நம்பி வேலை செய்கிறார். எழுத்து மூன்று மீட்டர் என்கிறது, லென்ஸ் மூன்றரையில் நிற்கிறது. ஆகவே முதல் மாற்றம் எப்போதும் ஷிம்தான். நூற்றில் சில பங்கு மி.மீ. தடிமனுள்ள பித்தளைத் தகடுகளை அடாப்டருக்கு அடியில் ஒன்றொன்றாகச் சேர்த்து, தூரத்து விளக்கு ஒன்று சரியாக முடிவிலிக் கோட்டில் கூர்மையாகும்வரை பொறுமையாக உட்கார வேண்டியதுதான்.

அடுத்தது கிரீஸ். அரை நூற்றாண்டுக்கு முன் பூசிய கிரீஸ் பாதி கோந்து, பாதி மெழுகு. ஃபோகஸ் வளையம் முதலில் அசையாது, அசைந்தால் குதிக்கும். பழைய கிரீஸைக் கழுவிப் புதிது பூச ஃபோகஸ் வளையத்தின் உள்மரையைக் கழற்றியாக வேண்டும். இந்த மரை சாதாரண நட்டு மாதிரி ஒற்றைப் புரி இல்லை. விளிம்பைச் சுற்றிப் பல வாய்கள் இருக்கும். எந்த வாயில் நுழைத்தாலும் ஒழுங்காகத்தான் சுற்றும். முதல் முறை நான் குறி போடாமல் கழற்றிவிட்டேன். துடைத்து, பூசி, சுற்றி, திருகுகளை முறுக்கி, மாட்டிப் பார்த்தால் முடிவிலியில் எதிர்வீட்டு ஜன்னல் கம்பிதான் தெளிந்தது. ஒவ்வொரு வாயாக மாற்றி நுழைத்துப் பார்த்ததில் இரவு போயிற்று. கழற்றும்போது இரண்டு துண்டும் பிரியும் நொடியில் நிறுத்தி, இரண்டிலும் ஊசியால் ஒரு கோடு கீறுங்கள். வேறு ரகசியம் ஒன்றும் இல்லை. கிரீஸ் அதிகம் வேண்டாம். வெயிலில் உருகி, ஒளி புகும் துளையைச் சுருக்கி விரிக்கும் அப்பர்ச்சர் தகடுகளில் இறங்கும்.

அப்பர்ச்சர் என்றதும் பலர் ‘டீகிளிக்’ செய்ய ஓடுகிறார்கள். பிற்காலப் புகைப்பட லென்ஸ்கள் பலவற்றில் ஒவ்வொரு எஃப் எண்ணுக்கும் வளையம் டிக் என்று நிற்கும். படம் ஓடும்போது அப்பர்ச்சரை மாற்றினால் வெளிச்சம் படிப்படியாகக் குதிக்கும், சத்தமும் ஒலிப்பதிவில் விழும். அதனால் உள்ளே உள்ள சின்னக் குண்டை எடுத்துவிடுவார்கள். மீர்-1-க்கு இது தேவையே இல்லை. அதில் இரண்டு வளையங்கள்: ஒன்று எவ்வளவு மூடலாம் என்று எல்லை வைக்கிறது, மற்றது திறந்த நிலைக்கும் அந்த எல்லைக்கும் நடுவே வழுக்கிப் போகிறது. அந்தக் கால ஸெனித்தில் லென்ஸ் தானாக மூடிக்கொள்ளாது. புகைப்படக்காரர் திறந்து வைத்து ஃபோகஸ் பார்ப்பார், பிறகு கண்ணை எடுக்காமல் விரலால் எல்லைவரை தள்ளிவிட்டுப் பொத்தானை அழுத்துவார். எல்லையை 16-இல் வைத்துவிட்டால், வழுக்கும் வளையம் அப்படியே சினிமா அப்பர்ச்சர். அன்றைய வசதிக்குறைவு இன்றைக்கு வசதி.

ஃபோகஸைப் பக்கத்திலிருந்து திருப்பும் ஃபாலோ ஃபோகஸ் கருவி பிடிக்க வளையத்தைச் சுற்றி 0.8 மாடியூல் (பல்லின் அளவு) பல்சக்கரம் ஒட்டுவது, வெளிச்சம் மறைக்கும் மேட் பாக்ஸுக்காக முகப்பை 80 மி.மீ. விட்டத்துக்கு ஏற்றுவது எல்லாம் அளவெடுத்துச் செய்யும் வேலை. விவரிக்க ஒன்றும் இல்லை. ஒரு விஷயம் மட்டும். முடிவிலியிலிருந்து தன் மிகக் கிட்டத்துத் தூரமான 0.7 மீட்டருக்கு வர இந்த லென்ஸ் முன்னே நகர்வது 2 மி.மீ.-க்குச் சற்று மேல். அவ்வளவே. ஆனால் அது 37-இல் ஆறு சதவீதம். ஃபோகஸ் மாற்றும்போது சட்டகமும் ஆறு சதவீதம் இறுகும், தளரும். படம் மூச்சுவிடுவது போல இருக்கும். பட்டறையில் எந்த வித்தை செய்தாலும் இது போகாது.

எல்லோரும் ஆசைப்படும் ஃபிளேருக்கு, அதாவது விளக்கு பட்டால் லென்ஸுக்குள் சிதறிப் படத்தில் விழும் ஒளிக்கு வருவோம். மீர்-1-இல் ஐந்து தொகுதிகளாக ஆறு கண்ணாடிகள். காற்றைத் தொடும் பரப்புகள் பத்து. பூச்சில்லாத கண்ணாடிப் பரப்பு விழும் ஒளியில் நூற்றுக்கு நான்கு பங்கைத் திருப்பி அடிக்கும். பத்துப் பரப்பில் மூன்றில் ஒரு பங்கு ஒளி காலி. பூச்சுக்குள் ஒளிக்கு உள்ள அலைநீளத்தில் கால்பங்கு தடிமனுக்கு, அதாவது சுமார் 100 நானோமீட்டருக்கு மக்னீசியம் ஃபுளூரைடு பூசினால், பூச்சின் மேற்புறமும் அடிப்புறமும் அனுப்பும் எதிரொளிகள் ஒன்றையொன்று பெருமளவு அழித்துக்கொள்ளும். இழப்பு ஒன்றேகால் சதவீதம் அளவுக்கு இறங்கும். ஒற்றைப் பூச்சு ஒரு நிறத்துக்குத்தான் கச்சிதம். நடுவில் உள்ள பச்சைக்குப் பொருத்தினால் நீலமும் சிவப்பும் தப்பித்துத் திரும்பும். பழைய லென்ஸ்களின் ஊதா மினுமினுப்பு அதுதான். பத்துக்கும் சேர்த்துக் கணக்கிட்டால் உள்ளே போவது சுமார் 88 சதவீதம், எஃப்/2.8 என்று எழுதிய லென்ஸ் வெளிச்சத்தில் டி3-க்குச் சமம் (டி என்பது இழப்பையும் சேர்த்துக் கணக்கிட்ட எஃப் எண்).

திரும்பும் ஒளி இன்னொரு பரப்பில் பட்டு மறுபடி சென்சாரை நோக்கி வந்தால் ஒரு பேய் உருவம். பத்துப் பரப்புகளில் இரண்டிரண்டாகச் சேர்த்தால் 45 ஜோடிகள். ஒவ்வொன்றும் ஒரு பேய்க்கு வாய்ப்பு. பெரும்பாலானவை கண்ணில் படாது; விளக்கு ஒன்று சட்டகத்தின் ஓரத்துக்கு வரும்போது நாலைந்து வரிசையாக எழுந்து வரும்.

ஆனால் ‘பழைய லென்ஸின் பால் படர்ந்த மென்மை’ என்று புகழப்படுவதில் ஒரு பங்கு லென்ஸுடையதே இல்லை என்பது என் சந்தேகம். மீர்-1 வீசும் ஒளிவட்டம் 43 மி.மீ. அகலம். சினிமாக் கேமராக்களில் வழக்கமான, சுமார் 25 மி.மீ. அகலமுள்ள சூப்பர் 35 சென்சார் அதில் நடுப்பகுதியை மட்டும் எடுத்துக்கொள்கிறது. மிச்ச ஒளி அந்த 27.46 மி.மீ. குழாயின் சுவரில் விழுந்து, பளபளக்கும் கறுப்பு வண்ணத்தில் வழுக்கிச் சென்சார் மேல் சிதறுகிறது. குழாய்க்குள் ஒட்டும் கறுப்பு வெல்வெட்டை ஒரு சுற்று ஒட்டிப் பாருங்கள். நிழல்கள் மறுபடி கறுப்பாகும். ஃபிளேர் வேண்டுமென்றால் அது அப்படியே இருக்கும்.

அப்பர்ச்சர் அருகே நீள்வட்டத் துளையிட்ட தகட்டைச் செருகி படத்தைப் பக்கவாட்டில் நெருக்கிப் பிடிக்கும் அனமார்ஃபிக் லென்ஸ் போல நீள்வட்டப் போக்கே (ஃபோகஸுக்கு வெளியே உள்ள விளக்குகளின் மங்கல்) வரவைக்கும் பழக்கமும் உண்டு. ஹீலியோஸில் சரி, அதன் திறப்பு 29 மி.மீ. மீர்-1-இல் 37-ஐ 2.8-ஆல் வகுத்தால் 13 மி.மீ.தான். மங்கல் வட்டங்களே சிறிது. அதில் நீள்வட்டத்தைத் தேட வேண்டியிருக்கும். ஒளியும் போய், பலனும் இல்லை. விளிம்பு மங்கலுக்காக லென்ஸுக்குள் ஒரு கண்ணாடியைப் புரட்டிப் போடுவதும் எனக்கு உடன்பாடில்லை. தொலைதூரக் கூர்மைக்காக நூற்றில் பங்கு கணக்கில் ஷிம் வைத்துவிட்டு அதைக் கையாலேயே கலைப்பானேன்?

சூப்பர் 35-இல் இன்னொரு ஏமாற்றம் உண்டு. 36 மி.மீ. அகலமுள்ள முழுச் சட்டகத்தில் கிடைமட்டமாக 52 பாகை பார்த்த லென்ஸ் இங்கே 37 பாகைதான் பார்க்கும். அகலக்கோணம் என்ற பெயர் மட்டும் மிஞ்சும். இதற்கு மருந்து அந்தக் காற்றிலேயே இருக்கிறது. ஆடிக்காக ஒதுக்கிய இடத்தில், வெறும் குழாய்க்குப் பதில் 0.71 மடங்கு ஃபோகல் ரெடியூசர் ஒன்றை வைக்கலாம். அது ஒரு குவிலென்ஸ் கூட்டம், 43 மி.மீ. ஒளிவட்டத்தை 31 மி.மீ.-க்குச் சுருக்கும். குவியத் தூரம் 26 மி.மீ. ஆகும், கோணம் 51 பாகைக்குத் திரும்பும். சுவரில் வீணான ஒளியும் சென்சாருக்கே வந்து, எஃப்/2.8 என்பது எஃப்/2 ஆகிவிடும். ஜூபிட்டர்-12-க்கு இந்த வசதி கிடையாது. பின்னால் இடமே இல்லை. ரெடியூசர் வாங்கும்போது உள்கண்ணாடியை முன்பின் நகர்த்தும் திருகு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். தூரத்து விளக்கை வைத்து முடிவிலி பிடிக்கும் வேலையை முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.