நெரிசல் வேறு, போக்குவரத்து வேறு

என் தம்பி மகன் இந்த ஆண்டுதான் சிவில் பொறியியலில் சேர்ந்தான். போன ஞாயிற்றுக்கிழமை காலை அவனோடு கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையோரம் நின்று வண்டிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். தாளில் 15 நிமிடத்துக்கு ஒரு வரி. மோட்டார், கார், வேன், லாரி, பஸ் என்று ஐந்து கட்டம். கடைகள் இன்னும் திறக்கவில்லை, சாலை கிட்டத்தட்ட காலி. கொஞ்ச நேரம் கழித்து அவன் கேட்டான்: “பெரியப்பா, நெரிசலே இல்லையே, இதுல என்னத்த நிரப்புறது?”

தாளை வாங்கிப் பார்த்தேன். தலைப்பு ‘போக்குவரத்து நெரிசல் அளவு’. டிராபிக் வால்யூம், அதாவது குறிப்பிட்ட நேரத்தில் ஓர் இடத்தைக் கடக்கும் வண்டிகளின் எண்ணிக்கை, என்பதைத் தமிழ் மாணவர்களுக்காக யாரோ இப்படிப் பெயர்த்திருக்கிறார்கள். பையன் கேட்டது நியாயமான கேள்வி. தப்பு தலைப்பில்தான்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். போ என்பதிலிருந்து போக்கு, வா என்பதிலிருந்து வரத்து. நீர்வரத்து என்று ஏரிக்குச் சொல்கிறோமே, அதே வரத்துதான். ‘போக்கும் வரவும் புணர்வும் இலாப் புண்ணியனே’ என்று சிவபுராணத்தில் வருவதால், போவதையும் வருவதையும் சேர்த்துச் சொல்வது தமிழுக்குப் பழைய வழக்கம் என்று தெரிகிறது. டிரான்ஸ்போர்ட் என்ற சொல் லத்தீனிலிருந்து வந்தது. அப்பால் கொண்டுசெல்வது என்று பொருள். டிராபிக் இத்தாலியப் பக்கத்துச் சொல். முதலில் வணிகத்தைக் குறித்து, பிறகுதான் சாலையில் ஓடும் வண்டிகளுக்கு வந்தது.

மலாய்க்காரர்கள் இதில் தெளிவாக இருக்கிறார்கள். டிரான்ஸ்போர்ட்டுக்குப் பெங்ஙாங்குத்தான், டிராபிக்குக்குத் திராபிக், நெரிசலுக்குக் கெசெசாக்கான் என்று தனியாக ஒன்று. நாம் முதல் இரண்டுக்கும் போக்குவரத்தையே போடுகிறோம். அமைச்சும் போக்குவரத்து அமைச்சு, சம்மன் எழுதுபவரும் போக்குவரத்துப் போலீஸ். அன்றாடப் பேச்சுக்கு இது போதும். பொறியியல் வகுப்பில் போதாது. டிரான்ஸ்போர்ட்டேஷன் இன்ஜினியரிங் என்பது சாலை, ரயில், விமானம், கப்பல், குழாய்வழி எல்லாவற்றையும் திட்டமிட்டு, வடிவமைத்து, நடத்தும் துறை. டிராபிக் இன்ஜினியரிங் அதன் ஒரு கிளை, சாலையில் நடக்கும் ஓட்டத்தை மட்டும் பார்ப்பது. நாங்கள் எண்ணிக்கொண்டிருந்தபோது தலைக்கு மேலே மோனோரயில் போனது. அது துறைக்குள் வரும், எங்கள் தாளுக்குள் வராது.

சிலர் பெரிய துறைக்குக் ‘கடத்தல் பொறியியல்’ என்று ஒரு பெயரை முன்வைக்கிறார்கள். கடக்கச் செய்வது கடத்தல், அப்பால் கொண்டுசெல்வது என்ற லத்தீன் பொருள் அப்படியே கிடைக்கிறது, போக்குவரத்தில் ‘சுமப்பது’ இல்லையே என்பது அவர்கள் வாதம். வேர் சரிதான். ஆனால் சொல் வேரில் மட்டும் வாழ்வதில்லை. கோலாலம்பூரில் தமிழ்ப் பத்திரிகையைப் பிரித்தால் கடத்தல் என்பது ஆள் கடத்தலும் போதைப்பொருள் கடத்தலும். பௌதிக வகுப்பிலோ அது வெப்பக் கடத்தல். இதைத் துறைக்குப் பெயராக வைத்தால் ஒவ்வொரு முறையும் விளக்கம் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். மக்கள் ஏற்கெனவே வைத்திருக்கும் நல்ல சொல்லைத் தள்ளிவிட்டு வேரைக் காட்டி இன்னொன்றைத் திணிப்பதைத் தமிழ்ப்பற்று என்று என்னால் ஏற்க முடியாது.

ஆனாலும் நெரிசல் செய்யும் கேடு இதைவிடப் பெரியது. கடத்தல் காதில் உறுத்தும், அதனால் யாரும் ஏமாற மாட்டார்கள். நெரிசல் இயல்பாக ஒலித்துக்கொண்டே பாடத்தைத் தலைகீழாக்குகிறது. நெரி என்றால் நசுக்கு, இறுக்கு. கழுத்தை நெரிப்பது, தைப்பூசத்தன்று பத்துமலைப் படியில் கூட்ட நெரிசல். அது ஒரு நிலைமை. ஓட்டத்தின் அளவு அல்ல.

அன்று தாளின் பின்பக்கத்தில் பையனுக்குப் போட்டுக் காட்டிய கணக்கு இது. ஒரு தடத்தில் தடையில்லாத வேகம் மணிக்கு 80 கிலோமீட்டர், கிலோமீட்டருக்கு 100 வண்டி நின்றால் எல்லாம் அசையாது என்று வைத்துக்கொள். அடர்த்தி, அதாவது ஒரு கிலோமீட்டரில் உள்ள வண்டிகளின் எண்ணிக்கை, கூடக் கூட வேகம் நேர்கோட்டில் குறையும். 1935இல் அமெரிக்கப் பொறியாளர் புரூஸ் கிரீன்ஷீல்ட்ஸ் வெளியிட்ட எளிய மாதிரி. கிலோமீட்டருக்கு 10 வண்டி இருந்தால் வேகம் 72. பெருக்கினால் மணிக்கு 720 வண்டி. அதுவே 90 வண்டி இருந்தால் வேகம் வெறும் 8. பெருக்கினால் அதுவும் 720! ஒன்று காற்று வாங்கிக்கொண்டு போகிற சாலை, இன்னொன்று ஹாரன் அடித்துக்கொண்டு நகர்கிற சாலை. 100 வண்டி நிற்கும்போது அளவு சுழியம். அதாவது நெரிசல் உச்சத்தில் இருக்கும்போது ‘நெரிசல் அளவு’ ஒன்றுமே இல்லை. இப்படி ஒரு பெயரை வைத்துக்கொண்டு பையன் எதைப் புரிந்துகொள்வான்?

இதே பழக்கம் செய்தி அறிவிப்புகளிலும் இருக்கிறது. ‘நெடுஞ்சாலையில் போக்குவரத்து நெரிசல் சீராக உள்ளது’ என்று பலமுறை கேட்டுவிட்டேன். நெரிசல் எப்படிச் சீராக இருக்கும்? வண்டிகள் சீராக ஓடுகின்றன என்று சொல்ல எத்தனை நேரம் ஆகிவிடும்? மொழிபெயர்ப்பவர் ஒரு சொல்லுக்கு ஒரு சொல் என்று பட்டியலைப் பார்த்து ஒட்டுகிறார். ஒட்டிய வாக்கியத்தை ஒருமுறை வாய்விட்டுப் படித்தாலே பாதித் தவறு நின்றுவிடும்.

சரி, எதை வைப்பது? துறைக்குப் போக்குவரத்துப் பொறியியல். அதை அசைக்க வேண்டாம். கிளைக்கு நான் சொல்வது சாலை ஓட்டப் பொறியியல். இரத்த ஓட்டம், நீரோட்டம் என்று பழகிய சொல்தான். ‘வாகன ஓட்டம்’ என்றும் சொல்லலாம், ஆனால் சாலையைக் கடக்கும் நடையாளும் கணக்கில் வருவதால் எனக்குச் சாலையே பிடித்திருக்கிறது. வால்யூம் ஓட்ட அளவு, டென்சிட்டி அடர்த்தி, கெப்பாசிட்டி கொள்திறன். நெரிசல் நெரிசலாகவே இருக்கட்டும், அதற்கென்று ஒரு வேலை இருக்கிறது. ஓட்டம் பிடிக்கவில்லை என்றால் டிராபிக் என்றே எழுதுங்கள். தவறான தமிழைவிட அது எவ்வளவோ மேல்.

பையன் தலைப்பை அடித்துவிட்டு ‘சாலை ஓட்ட அளவு, ஞாயிறு காலை’ என்று எழுதினான். அப்புறம் அடுத்த 15 நிமிடத்தை எண்ணத் தொடங்கினோம்.