ஹால் டிக்கெட் வந்த பிறகு ஓடி வராதீர்கள்

செமஸ்டர் தேர்வுக்கு நாலைந்து நாள் இருக்கும்போது வந்து, "டாக்டர், எனக்கு டிஸ்லெக்சியா என்று ஒரு சர்டிபிகேட் எழுதிக் கொடுங்கள், கூடுதல் நேரம் வாங்க வேண்டும்" என்று கேட்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். (டிஸ்லெக்சியா என்பது வாசிப்பதையும் எழுதுவதையும் சிரமமாக்கும் கற்றல் குறைபாடு.) (நான் டாக்டர் இல்லை, மருத்துவ உளவியலாளர். திருத்திச் சொல்லி அலுத்துவிட்டது.) கொடுக்க மனமில்லாமல் இல்லை. பரிசோதனைக்கே இரண்டு மூன்று அமர்வுகள் வேண்டும். பெங்களூரு மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் வகுத்த சோதனைத் தொகுப்பு பிள்ளைகளுக்கானது. நாற்பது வயதுக்காரரிடம் அதை அப்படியே நீட்ட முடியாது. வாசிப்பு வேகம், எழுத்துப்பிழை, பழைய மதிப்பெண்கள், பள்ளிக்கால நினைவுகள் என்று எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் ஒரு முடிவுக்கு வர வேண்டும். அதற்கும் மேல், நான் தருவது அறிக்கை. தேர்வு அலுவலகம் கேட்பது அரசு மருத்துவமனையின் மருத்துவக் குழு தரும் சான்றிதழ். அங்கே வரிசை உண்டு.

அண்மையில் வந்தவர் ஒரு ஹார்டுவேர் கடையில் ஸ்டோர் கீப்பர். (ஆளைத் தெரியாதபடி விவரங்களைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன்.) பிளஸ் டூவில் தட்டுத்தடுமாறித் தேறி, அத்தோடு படிப்பை விட்டவர். பட்டம் இருந்தால் மேலாளராக்குகிறேன் என்று முதலாளி சொல்ல, தொலைநிலைக் கல்வியில் பி.காம். சேர்ந்திருக்கிறார். ஐந்து அரியர். கடையிலுள்ள ஆணி, போல்ட், குழாய் அத்தனையின் விலையும் அவருக்கு மனப்பாடம். வாடிக்கையாளர் முன்னால் விலைப்பட்டியலைப் பார்த்து வாசிக்கும் நிலை வந்துவிடக் கூடாதே என்றுதான்.

தேய்மானம் என்றால் என்ன என்று கேட்டேன். கடையின் சுமை ஆட்டோவை வைத்து, வாங்கிய விலை என்ன, இன்று விற்றால் என்ன கிடைக்கும், அந்த வித்தியாசத்தை ஏன் வருடா வருடம் கணக்கில் எழுதுகிறோம் என்று அழகாக விளக்கினார். அதே பாடத்தைப் புத்தகத்தில் திறந்து வாசிக்கச் சொன்னேன். விரலை வைத்துக்கொண்டு தொடங்கினார். 'மதிப்பீடு' வெறும் 'மதிப்பு' ஆனது. 'கெடு' முதலில் 'கேடு' ஆகி, திரும்பிப் போய் 'கொடு' ஆனது. நாலாவது வரியில் முந்தைய வரியின் பாதியை மறுபடி வாசித்தார். பக்கம் முடிவதற்குள் சட்டைக் காலர் நனைந்துவிட்டது. என்ன படித்தீர்கள் என்றேன். "படித்தேன் மேடம், என்னவென்றுதான் தெரியவில்லை."

இவரைத்தான் படிப்பு மையத்தில், "இந்த வயதிலா? அது சின்னப் பிள்ளைகளுக்கு வருவதாயிற்றே" என்று சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். வீட்டிலும் அதையே சொன்னார்களாம். படித்த ஒருவரிடமிருந்து இந்தக் கேள்வி வராத மாதமே எனக்கு இல்லை. ஆகவே நிதானமாகச் சொல்கிறேன். டிஸ்லெக்சியா 'வருவது' இல்லை, பிறவியிலேயே இருப்பது. அம்மை மாதிரி ஒரு வயதில் வந்து ஒரு வயதில் இறங்கிப் போவதற்கு அது நோயும் இல்லை. பேச்சின் ஒலிகளைப் பிரித்தறிந்து எழுத்தோடு பொருத்தும் வேலையை மூளை செய்யும் விதமே வேறாக இருக்கிறது. எட்டு வயதில் அப்படி இருந்தது முப்பத்தெட்டிலும் அப்படித்தான் இருக்கும். பிள்ளைகள் வளர்கிறார்கள், டிஸ்லெக்சியாவும் அவர்களோடு கல்லூரிக்கும் அலுவலகத்துக்கும் போகிறது. குடும்பத்திலும் ஓடும்: இவருடைய மகளைப் பரிசோதித்த அறிக்கையைக் கேட்டபோதுதான் இவருக்குத் தன் கதையே புரிந்தது.

வயதோடு கூடுவது சமாளிக்கும் திறமை. படிவம் நீட்டினால் "கண்ணாடி கொண்டு வரவில்லை" என்பார்கள். வீட்டுக்கு எடுத்துப் போய் மனைவியை வைத்து நிரப்பி வருவார்கள். வாட்ஸ்அப்பில் ஒரு வரி தட்ட மாட்டார்கள், எல்லாம் குரல் செய்திதான். இத்தனை வருடம் யாருக்கும் தெரியாமல் ஓட்டியதே பெரிய உழைப்பு. அதைப் பார்த்துவிட்டு "நன்றாகத்தானே இருக்கிறார்" என்கிறோம்.

"தினத்தந்தி தலைப்பைச் சரளமாக வாசிக்கிறாரே" என்பது அடுத்த கேள்வி. வாசிப்பார். தமிழில் பெரும்பாலும் எழுதியபடியே உச்சரிக்கிறோம், அதனால் காலப்போக்கில் பிழை குறைந்துவிடும். வேகம்தான் வராது. நான்கு சொல் தலைப்பில் அது தெரியாது, நாற்பது பக்கப் பாடத்தில் தெரியும். அதிலும் ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் எழுத்துக்கு முன்னால் நிற்கின்றன, ஒலியோ பின்னால் வருகிறது. களைத்த கண் அங்கேதான் முதலில் இடறும். ஆங்கிலம் இதைவிடக் கொடுமை: 'டஃப்', 'த்ரூ' இரண்டும் ஒரே நான்கு எழுத்துகளில்தான் முடிகின்றன. தமிழ் வழியில் படிக்க வாய்ப்பிருந்தும் கௌரவத்துக்காக ஆங்கில வழியில் சேருகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

கல்லூரி அலுவலகங்களுக்கு ஒரு வார்த்தை. "பள்ளியில் வாங்கிய சான்றிதழ் எங்கே?" என்று இவர்களிடம் கேட்காதீர்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஏழு வகைக் குறைபாடுகள்தான் இருந்தன. டிஸ்லெக்சியா அடங்கும் 'குறிப்பிட்ட கற்றல் குறைபாடு' என்ற வகை அதில் இல்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலை இருபத்தொன்றாக விரித்தபோதுதான் அது உள்ளே வந்தது. அதற்கு முன்பே பள்ளியை முடித்தவர் எங்கே போய் அந்தக் காகிதத்தைக் கொண்டு வருவார்?

அந்தச் சட்டம் தருவதில் இரண்டைத் திரும்பப் படிக்க வருகிறவர்கள் தெரிந்துகொள்ளுங்கள். குறைபாடு 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று சான்று பெற்றவர்களுக்கு, அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் குறைந்தது 5 சதவீத இடங்கள் உண்டு. சேருவதற்கான உச்ச வயதில் ஐந்து ஆண்டு தளர்வும் உண்டு. தேர்வில் மணிக்குக் குறைந்தது 20 நிமிடம் கூடுதல் நேரம் என்று மத்திய அரசின் வழிகாட்டுதல் சொல்கிறது, அதாவது மூன்று மணி நேரத் தேர்வுக்கு முழுதாக ஒரு மணி நேரம். 40 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் எல்லாம் போயிற்று என்று நினைக்காதீர்கள். எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் கோளாறுள்ள விகாஷ் குமார் தொடுத்த வழக்கில், தேர்வில் நாம் சொல்லச் சொல்ல விடையை எழுதித் தருகிற 'சொல்வதை எழுதுபவர்' வசதியை அந்த 40 சதவீத வரம்புக்குள் அடைக்கக் கூடாது என்று 2021இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

எனவே விண்ணப்பம் போடும்போதே பரிசோதனைக்கு வாருங்கள். சேர்ந்த முதல் வாரத்தில் கல்லூரிக்கு எழுத்தில் தெரிவியுங்கள். வாயால் சொன்னது யாருக்கும் ஞாபகம் இருக்காது. கொடுத்த கடிதத்தின் நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். பாடத்தைக் காதால் படியுங்கள்: தமிழை உரக்க வாசிக்கும் வசதி இப்போது சாதாரண போனிலேயே இருக்கிறது, அனுமதி கேட்டு வகுப்பையும் பதிவு செய்யலாம். நினைவாற்றல் டானிக்குக்கும், எழுத்து ஆடாமல் நிற்கும் என்று விற்கும் வண்ணக் கண்ணாடிக்கும் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். டிஸ்லெக்சியா என்ற பெயரை 1887இல் வைத்தவர் ருடால்ஃப் பெர்லின் என்ற கண் மருத்துவர்தான், ஆனால் கோளாறு கண்ணில் இல்லை என்று அவரே கண்டுகொண்டார். (அவர் பார்த்த நோயாளிகள் மூளைப் பாதிப்பால் வாசிப்பை இழந்தவர்கள், அது வேறு வகை. ஆனால் அவர்கள் எல்லோரும் பெரியவர்கள்! படிப்பு மையத்துக்காரர் கவனிக்க.)

சொல்வதை எழுதுபவரை வைத்துக்கொள்ளப் போகிறீர்களா? அவரைத் தேர்வறையில்தான் முதன்முதலாகப் பார்ப்பேன் என்று இருக்காதீர்கள். விடையைச் சொல்லி எழுத வைப்பது தனிப் பழக்கம். எங்கே நிறுத்துவது, எதைத் தலைப்பாகச் சொல்வது, எழுதியதை எப்போது திரும்பப் படிக்கச் சொல்வது என்று முன்பே யாரையாவது உட்கார வைத்துப் பழைய வினாத்தாளில் பழகுங்கள். விஷயம் தெரிந்தும் அங்கே திணறித் தோற்றவர்கள் உண்டு.

வீட்டில் இருப்பவர்களிடம் கெஞ்சியே கேட்கிறேன். அவர் தட்டும் செய்தியில் எழுத்துப்பிழை இருந்தால் குடும்பக் குழுவில் சிரிக்காதீர்கள். இரவு ஒரு பாடத்தை வாசித்துக் காட்டுங்கள், போதும். ஆசிரியர்களே, வகுப்பில் எழுப்பி நிறுத்தி வாசிக்கச் சொல்லாதீர்கள், விளக்கச் சொல்லுங்கள்.

வரும்போது பழைய மதிப்பெண் பட்டியல்கள் எத்தனை கிடைக்கிறதோ அத்தனையும், பள்ளி நோட்டு ஏதாவது மிஞ்சியிருந்தால் அதையும் எடுத்து வாருங்கள். உங்களைச் சிறுவயதிலிருந்து அறிந்த அம்மாவோ அக்காவோ கூட வந்தால் இன்னும் நல்லது. வரவேற்பில் கொடுக்கும் படிவத்தைப் பார்த்துப் பயந்து திரும்பிப் போக வேண்டாம். நீங்கள் சொல்லச் சொல்ல நாங்களே நிரப்பிக்கொள்கிறோம்.