பனிக்கு எதற்கு அலங்காரம்?

போன வாரம் மறுபடியும் காதில் விழுந்தது. தமிழ் டப்பிங்கில் ஓர் ஆவணப்படம். பனிச்சறுக்கு விளையாடும் மலைச்சரிவில் நள்ளிரவில் ஒருவர் பெரிய வண்டியை ஓட்டிக்கொண்டிருக்கிறார். பின்னணிக் குரல், “இவர்கள் இரவெல்லாம் பனியை அலங்கரிக்கிறார்கள்” என்கிறது. என்னமோ கல்யாண மண்டபத்துக்கு சீரியல் லைட் கட்டுகிற மாதிரி!

மூலச்சொல் குரூமிங். இடைக்கால ஆங்கிலத்தில் குரூம் என்றால் பையன், வேலைக்காரன், பிறகு குதிரைக்காரன். குதிரையைத் தேய்த்து வாரிப் பராமரிப்பதற்கு அதுவே வினைச்சொல் ஆயிற்று. மீசை திருத்துவதும் பனிச்சரிவைச் செப்பனிடுவதும் அதன் பின்னால் வந்த பொருள்கள். மாப்பிள்ளையைக் குறிக்கும் குரூம் வேறு கதை: ஆண் என்று பொருள்படும் ‘குமா’ திரிந்து இதோடு ஒட்டிக்கொண்டது. வேர் இவ்வளவு போதும்.

வேலை என்ன என்று பாருங்கள். பகலெல்லாம் ஆட்கள் சறுக்கிச் சறுக்கிச் சரிவு முழுக்க மேடும் பள்ளமும் ஆகிவிடும். சறுக்குபவர்களை மேலே ஏற்றும் லிஃப்ட் மாலையில் நின்றதும் வண்டி ஏறும். முன்னால் உள்ள தகடு மேட்டை வெட்டிப் பள்ளத்தில் தள்ளும். பின்னால் பல் வைத்த உருளை சுழன்று கட்டிகளை நொறுக்கும். நம் டிராக்டரில் மாட்டுகிற ரோட்டவேட்டருக்குத் தம்பி. கடைசியில் ஒரு பட்டை தேய்த்துச் சமன்செய்யும். செங்குத்தான இடமென்றால் மேலே இரும்புக் கயிற்றைக் கட்டி அதன் பிடியில் வேலை செய்வார்கள். அப்புறம் சில மணி நேரம் சும்மா விட வேண்டும். பனித்துகள்கள் ஒன்றோடொன்று பிணைந்து இறுகினால்தான் மறுநாள் தாங்கும்.

காலையில் வருபவர் கண்ணில் ஓட்டுநர் படமாட்டார். கார்டுராய் துணி போன்ற வரிகள்தான் படும். அதைப் பார்த்து அலங்காரம் என்பது, வாசலில் விளக்குமாற்றுத் தடத்தைக் கோலம் என்பது போல.

‘பனிச் சீரமைப்பு’ என்றும் எழுதுகிறார்கள். தப்பில்லை, ஆனால் எதுவும் சொல்லாத சொல். சாலைக்கும் சீரமைப்பு, கட்சிக்கும் சீரமைப்பு, நிர்வாகத்துக்கும் சீரமைப்பு. என்ன செய்தார்கள் என்று தெரியாதபோது கைகொடுப்பதற்கென்றே இந்தச் சொல்லை வைத்திருக்கிறோம் போலும். அந்த வண்டியைப் ‘பனிப்பூனை’ ஆக்கியவரை என்ன சொல்ல! அதன் ஆங்கிலப் பெயரான ஸ்னோகேட்டில் இருக்கும் கேட் பூனையே இல்லை. கேட்டர்பில்லரின் சுருக்கம், சங்கிலிப்பட்டையில் ஊர்வதால் வந்த பெயர். ஜெர்மானியர் அதைப் பிஸ்டன்ராவ்பெ, அதாவது சறுக்குத்தடத்தின் கம்பளிப்பூச்சி என்றே சொல்கிறார்கள். பிரெஞ்சுக்காரர்களுக்கு இந்த வேலை ‘தமாழ்’: தரையை இடித்து இறுக்கும் திமிசுக்கட்டைக்கு அவர்கள் மொழியில் ‘தாம்’ என்று பெயர், அதிலிருந்து வந்தது. தங்கள் ஊர்க் கருவியைத்தான் பனிமலைக்கும் கொண்டுபோயிருக்கிறார்கள்.

நமக்குப் பனிமலை வேலை தெரியாது, ஆனால் வயல் தெரியும். உழுத நிலத்தில் கட்டி உடைத்து, மேடு தட்டி, பள்ளம் நிரப்பிச் சமன்செய்வதற்குப் பெயர் பரம்படித்தல். மாடு இழுக்க, பலகைமேல் ஆள் நின்று பாரம் கொடுப்பார். 1950களின் தொடக்கத்தில் அமெரிக்காவில், கொலராடோவின் வின்டர் பார்க் என்ற சறுக்குத்தளத்தில் ஸ்டீவ் பிராட்லி என்பவர் செய்த கருவியும் கிட்டத்தட்ட இதுதான்: சட்டம் அடித்த உருளை, முன்னால் இரும்புத் தகடு, அதைப் பிடித்தபடியே சறுக்கி இறங்கும் ஓர் ஆள். மாடு செய்த வேலையை அங்கே சரிவு செய்தது. திமிசு நமக்கும் உண்டே என்றால், அது இறுக்கும். மேட்டை எடுத்துப் பள்ளத்தில் போடாது.

ஆகவே பனிப் பரம்படிப்பு. வண்டி, பரம்பு வண்டி.

நண்பர் ஒருவரிடம் சொன்னேன். மொழிபெயர்ப்பே தொழில் அவருக்கு. “பரம்பு என்றால் நகரத்துப் பிள்ளைகளுக்குப் புரியாதே சார்” என்றார். திரையில் வண்டி மேட்டை வெட்டிப் பள்ளத்தை நிரப்புவது தெரிகிறது, கூடவே சொல்லும் கேட்கிறது. இதற்குமேல் அகராதி எதற்கு? அவர் ‘அலங்காரத்தை’ எடுத்துவிடச் சம்மதித்தார். பதிலுக்கு என்ன போட்டார் தெரியுமா? ‘பனி மேலாண்மை.’