ஆடத் தெரிகிறதா என்று கேட்காத நுழைவுத் தேர்வு

ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் இருக்கும் வாகனோவா பாலே அகாடமியில் சேர மூன்று சுற்றுத் தேர்வு உண்டு. வரும் பிள்ளைகளுக்குப் பத்து வயது இருக்கும். முதல் சுற்றில் யாரையும் ஆடச் சொல்வதில்லை. உள்ளாடையோடு வரிசையில் நிற்கும் பிள்ளைகளைத் தேர்வுக் குழுவினர் ஒவ்வொருவராகப் பார்க்கிறார்கள். கழுத்தும் கையும் காலும் உடலுக்குப் பொருத்தமான நீளத்தில் இருக்கின்றனவா, முதுகெலும்பு நேராக இருக்கிறதா என்று கவனிக்கிறார்கள். பிறகு ஆசிரியர் பிள்ளையின் இரண்டு உள்ளங்கால்களையும் சேர்த்துவைத்து, முழங்கால்களை இருபுறமும் விரித்து, அவை எவ்வளவு தூரம் தரையை நோக்கித் தாழ்கின்றன என்று கையால் அழுத்திப் பார்க்கிறார். காலைப் பிடித்து முன்னாலும் பக்கவாட்டிலும் பின்னாலும் உயர்த்துகிறார். பாதத்தை நீட்டச் சொல்லி அதன் மேல்வளைவைப் பார்க்கிறார். குதிக்கச் சொல்கிறார். ஒரு பிள்ளைக்குச் சில நிமிடங்கள்தான். பெரும்பாலானோர் அந்தச் சுற்றோடு வீடு திரும்ப வேண்டியதுதான்.

பார்ப்பவர் மனம் பதறத்தான் செய்யும். ஆனால் இதன் பின்னே தெளிவான உடற்கூற்றுக் காரணம் இருக்கிறது. எட்டு ஆண்டுப் பயிற்சியால் எவற்றை உருவாக்க முடியும், எவற்றை உருவாக்கவே முடியாது என்பதை அந்தப் பள்ளி தலைமுறை தலைமுறையாகப் பார்த்துத் தெரிந்துகொண்டிருக்கிறது. உருவாக்க முடியாதவை முதலில் இருக்கின்றனவா என்பதுதான் தேர்வின் கேள்வி.

1738இல் பேரரசி அன்னாவின் ஆணைப்படி, ஜான் பாப்டிஸ்ட் லாந்தே என்ற பிரெஞ்சு ஆசிரியரின் பொறுப்பில் தொடங்கப்பட்ட பள்ளி இது. அரண்மனைப் பணியாளர்களின் பிள்ளைகள் 12 சிறுவர்கள், 12 சிறுமிகள்; அவர்களே முதல் மாணவர்கள். 1836 முதல், கட்டடக் கலைஞர் கார்லோ ரோஸி வடிவமைத்த தெருவில் பள்ளி நடக்கிறது. தெருவின் அகலமும் இருபுறக் கட்டடங்களின் உயரமும் 22 மீட்டர், நீளம் அதைப் போலப் பத்து மடங்கு. அன்னா பாவ்லோவா, நிஜின்ஸ்கி, பலன்ஷீன், உலானோவா, நூரியெவ், பரிஷ்னிகோவ் எனப் பாலே உலகம் கொண்டாடும் கலைஞர்கள் எல்லாரும் இங்கே படித்தவர்கள்.

முழங்காலை விரித்து அழுத்திப் பார்க்கும் அந்தச் சோதனைக்கு வருவோம். எழுந்து நின்று, பாதம் நேராக முன்னோக்கியிருக்கும்படி வலது காலைப் பக்கவாட்டில் உயர்த்திப் பாருங்கள். ஏறத்தாழ 45 பாகைக்கு மேல் கால் போகாது. போனால் இடுப்பே சாய்ந்துவிடும். தொடை எலும்பின் மேல்முனையில், வெளிப்புறமாக ஒரு மேடு புடைத்திருக்கிறது. காலை உயர்த்தும்போது அந்த மேடு இடுப்பெலும்பை நெருங்கி வழியை அடைக்கிறது. இப்போது முழங்காலும் பாதமும் வெளிப்புறம் பார்க்கும்படி முழுக் காலையும் தொடையிலிருந்தே திருப்பிவிட்டு உயர்த்துங்கள். மேடு பின்பக்கம் நகர்ந்துவிடுவதால் கால் இன்னும் மேலே போகும். பாலே கலைஞர்கள் காலைத் தோளுக்கு மேல் உயர்த்துவதும், முகத்தை அவையோருக்குக் காட்டியபடியே பக்கவாட்டில் சட்டென்று நகர்வதும் இந்தத் திருப்பத்தை நம்பித்தான். நம் பரதநாட்டியத்தில் அரைமண்டியில் அமரும்போது வேலை செய்வதும் இதே இடுப்பு மூட்டுதான்; பாலே அதனிடம் இன்னும் அதிகமாகக் கேட்கிறது.

இரண்டு பாதங்களும் குதிகால் சேர்ந்து ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டுமானால் ஒவ்வொரு காலும் 90 பாகை திரும்ப வேண்டும். அதில் 60, 70 பாகையாவது இடுப்பிலிருந்து கிடைத்தால்தான் மீதியைக் கெண்டைக்கால் எலும்பும் பாதமும் சேதமில்லாமல் ஈடுகட்டும். பெரும்பாலோருக்கு இடுப்பிலிருந்து அந்த அளவு கிடைப்பதில்லை. காரணம் எலும்பின் அமைப்பு. தொடை எலும்பின் கழுத்து, தண்டிலிருந்து சற்றே முன்னோக்கித் திரும்பியிருக்கிறது. பிறக்கும்போது இந்தக் கோணம் 40 பாகை அளவில் இருக்கும். வளர வளரக் குறைந்து, பெரியவர்களில் 15 பாகைக்கு வந்து நிற்கும். கோணம் அதிகமாகவே தங்கிவிட்டால் கால் உட்புறம் எளிதாகத் திரும்பும், வெளிப்புறம் திரும்ப மறுக்கும். பந்து கிண்ணத்தில் பொருந்துவதுபோல் அமைந்த இடுப்பு மூட்டின் கிண்ணம் எவ்வளவு ஆழம், எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்பதும் ஆளுக்கு ஆள் மாறும். மூட்டின் முன்பக்கத்தைப் போர்த்தியிருக்கும் இணைப்புநார் மனித உடலிலேயே மிக வலுவானது. அதுவும் அளவுக்கு மேல் திரும்பவிடாது. பத்து வயதில் எலும்பு மாற வேண்டியதில் பெரும்பகுதி மாறி முடிந்திருக்கும். அதனால் அனுபவமுள்ள ஆசிரியரின் கை, தசை இறுக்கம் எது, எலும்பு தடுக்கும் இடம் எது என்று பிரித்து உணர்ந்துகொள்கிறது. இறுக்கத்தைப் பயிற்சி தளர்த்தும். எலும்பு தடுத்தால் செய்வதற்கு ஒன்றுமில்லை.

இதைப் பெற்றோரும், பாலே சொல்லித்தரும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று அழுத்திச் சொல்வேன். இடுப்பு தராத திருப்பத்தைப் பாதத்தைத் தரையில் ஊன்றி வலிந்து வரவழைக்கும் பிள்ளைகள் உலகெங்கும் இருக்கிறார்கள். தரையின் உராய்வு பாதத்தைப் பிடித்துக்கொள்ளும். முறுக்கு முழுவதும் முழங்காலின் உட்புறத்துக்கும் கணுக்காலுக்கும் போகும். பாதத்தின் வளைவு சரிந்து உள்ளே விழும். முழங்கால் முறுக்குவதற்காக அமைந்த மூட்டு அல்ல. பீட்டர்ஸ்பர்க்கின் கண்டிப்பான தேர்வு குறைந்தபட்சம் இந்தக் கொடுமையை வாசலிலேயே தடுக்கிறது.

இரண்டாம் சுற்று மருத்துவர்களுடையது. மூன்றாம் சுற்றில்தான் இசை ஒலிக்கிறது: தாளத்தைக் கேட்டுக் கைதட்ட வேண்டும், இசைக்கு நடக்க வேண்டும், சின்னதாக ஏதாவது ஆடிக் காட்ட வேண்டும்.

இவ்வளவு பார்த்தும் கணிப்பு பலமுறை தவறியிருக்கிறது. பாவ்லோவாவை முதல் முறை சேர்த்துக்கொள்ளவில்லை. பத்து வயதில், 1891இல்தான் இடம் கிடைத்தது. ஒல்லியான, வளைவு மிகுந்த அவளுடைய பாதங்கள் அக்காலத்துப் பாலேவுக்குப் பலவீனமாகவே தோன்றின. அந்தச் சிறுமிதான் பின்னாளில் உலகமெல்லாம் சுற்றி ஆடியவர். இந்திய நடனத்தின் பக்கம் திரும்பிப் பாருங்கள் என்று ருக்மிணி தேவி அருண்டேலிடம் சொன்னவரும் அவரே. நூரியெவ் 1955இல் பள்ளிக்கு வந்தபோது அவருக்கு 17 வயது, மற்றவர்கள் முடிக்கத் தயாராகும் வயது. அலெக்சாண்டர் புஷ்கின் என்ற ஆசிரியர் அவரை மூன்றே ஆண்டுகளில் ஆயத்தப்படுத்தினார். பத்து வயது உடலை அளந்து சொல்வது ஒரு முன்னறிவிப்பு, அவ்வளவுதான். பருவ வயதின் திடீர் வளர்ச்சி அதைக் கலைத்துவிடலாம்; எலும்பு முதலில் நீள, தசை பின்னால் வர, நேற்றுவரை எளிதாகச் செய்த அசைவுகூட இன்று கைகூடாமல் போகும்.

சேர்ந்தபின் நடப்பது வேறு கதை. பள்ளிக்குத் தன் பெயரைத் தந்த அக்ரிப்பினா வாகனோவா இங்கேயே படித்து 1897இல் வெளிவந்தவர். மேடையில் அவருக்கு உயர்நிலை எளிதில் வாய்க்கவில்லை. முதன்மைப் பெண் கலைஞரைக் குறிக்கும் பாலேரினா என்ற தகுதி 1915இல்தான் கிடைத்தது, மறு ஆண்டே ஓய்வு. எளிதில் வராததை ஏன் வரவில்லை என்று துருவித் துருவி ஆராய்ந்த மனம் அவருடையது. அந்த ஆராய்ச்சியே 1934இல் பாடநூலாக வெளிவந்தது. உடல் முழுதும் ஒருங்கே இயங்க வேண்டும், அசைவுக்கு முதுகே ஆதாரம், கை அழகுக்காக மட்டும் அசைவதல்ல, சுழற்சிக்கும் தாவலுக்கும் விசை தருவது என்பவை அவருடைய முறையின் உயிர்.

முதலாண்டு வகுப்பில் பிள்ளைகள் சுவரோரக் கம்பியை நோக்கி நின்று, இரண்டு கைகளாலும் அதைப் பற்றிக்கொள்கிறார்கள். பியானோ வாசிக்க ஒருவர் எப்போதும் இருப்பார். ஒரு பாதம் தரையை வருடியபடியே பக்கவாட்டில் நீள்கிறது: முதலில் குதிகால் எழுகிறது, பிறகு உள்ளங்கால், கடைசியில் விரல் நுனி மட்டும் தரையில். திரும்பும்போது அதே வரிசை தலைகீழாக. இந்த ஓர் அசைவு மிக மெதுவாக, நாள்தோறும், மாதக்கணக்கில் நடக்கும். புதிய அசைவைச் சிறுமூளையும் மூளையின் இயக்கப் பகுதிகளும் படிப்படியாகத் தானியங்கியாக்கிக்கொள்கின்றன. வேகமாகப் பழகிய பிழையும் அதே உறுதியோடு பதிந்துவிடும், பிறகு அழிப்பது பெரும்பாடு. அதனால்தான் இந்த நிதானம். இடுப்பின் ஆழத்தில் தொடையை வெளிப்புறம் திருப்பும் ஆறு சிறிய தசைகள் இருக்கின்றன. எலும்பு அனுமதிக்கும் எல்லைவரை காலைத் திருப்பி, அங்கேயே நிறுத்திவைக்க அவற்றை வலுப்படுத்துவதும் இந்த மெதுவான பாடங்கள்தான்.

விரல் நுனியில் நிற்பதற்கும் இதே பொறுமை தேவை. அந்தக் காலணியின் முனை துணியும் அட்டையும் பசையும் அடுக்கடுக்காகச் சேர்ந்து இறுகிய பெட்டி. உடல் எடை முழுவதையும் சில சதுர சென்டிமீட்டர் பரப்பு தாங்குகிறது. கணுக்காலும் பாதமும் ஒரே நேர்கோடாக நீளாவிட்டால் எடை பின்னோக்கி விழும். பாதத்தின் இரண்டாம் நீளெலும்பு அசையாமல் பூட்டப்பட்டிருப்பதால் அழுத்தம் அதன் அடிப்பகுதியில் குவிகிறது. பாலே கலைஞர்களுக்கு நுண்முறிவு, அதாவது திரும்பத் திரும்ப விழும் அழுத்தத்தால் எலும்பில் வரும் மெல்லிய விரிசல், வழக்கமாக வருவது அங்கேதான். பாத எலும்புகள் நீளும் இடங்களான வளர்ச்சித் தட்டுகள் பதின்வயதின் நடுவில்தான் மூடுகின்றன. சிறுமியின் வயதை மட்டும் பார்த்து அந்தக் காலணியைக் கொடுப்பது தவறு. கணுக்காலும் வயிற்றுத் தசையும் தயாராக இருக்கின்றனவா என்பதே அளவுகோலாக இருக்க வேண்டும்.

சுழலும்போது தலை சுற்றாதா என்று எல்லாரும் கேட்பார்கள். காதின் உட்புறத்தில் மூன்று அரைவட்டக் குழாய்களில் இருக்கும் திரவம், சுழற்சி நின்ற பிறகும் நகர்ந்துகொண்டிருப்பதால்தான் தலை சுற்றுகிறது. கலைஞர்கள் உடல் திரும்பும்போது கண்ணை ஒரே புள்ளியில் நிறுத்திவைத்து, கடைசிக் கணத்தில் தலையை விசுக்கென்று திருப்புகிறார்கள். இது தந்திரம் மட்டுமல்ல. 2013இல் லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் 29 பாலே பெண் கலைஞர்களையும் 20 துடுப்புப் படகு வீராங்கனைகளையும் இருட்டில் சுழல்நாற்காலியில் அமர்த்திச் சுற்றினார்கள். நாற்காலி நின்ற பிறகு சுழலும் உணர்வு பாலே கலைஞர்களுக்கு விரைவாக அடங்கியது. அந்த உணர்வைக் கையாளும் சிறுமூளைப் பகுதியும் அவர்களிடம் சிறிதாக இருந்தது. நீண்டகாலப் பயிற்சியில், காதிலிருந்து வரும் செய்தியைப் பெரிதுபடுத்தாமலிருக்க மூளை கற்றுக்கொள்கிறது என்பது ஆய்வாளர்களின் விளக்கம்.

ஆண்டிறுதியில் ஒவ்வொரு வகுப்பும் தேர்வுக் குழு முன் ஆடிக் காட்ட வேண்டும். தேறாதவர்கள் வெளியேற வேண்டியதுதான். கணிதமும் பிரெஞ்சு மொழியும் பியானோவும் கூடவே நடக்கும். என்னைக் கவலைப்படுத்துவது உடல் எடை. இருவர் நடனத்தில் பெண்ணைத் தூக்க வேண்டியிருப்பதால் மெலிவு எதிர்பார்க்கப்படுகிறது. செலவழிக்கும் ஆற்றலுக்கு ஏற்ப உண்ணாத சிறுமிக்கு மாதவிடாய் தள்ளிப்போகும், எலும்பைக் காக்கும் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் குறையும், எலும்பு அடர்த்தி சேர வேண்டிய ஆண்டுகளில் சேராமல் போகும், நுண்முறிவுகள் பெருகும். எலும்பை இத்தனை கூர்மையாகப் பார்த்துப் பிள்ளையைச் சேர்க்கும் எந்தப் பாலே பள்ளியும், அதே எலும்பு வளரத் தேவையான உணவை அவளுடைய தட்டில் உறுதி செய்ய வேண்டும். எடை பார்க்கும் இடத்தில் மாதவிடாய்க் கணக்கையும் எலும்பு அடர்த்தியையும் பார்க்க ஒரு மருத்துவர் இருக்க வேண்டும், பாடத்தை நிறுத்தச் சொல்லும் அதிகாரத்தோடு.